நடந்தால் பிடிக்கும், நின்றால் விடும்: கால் ரத்த ஓட்டமும் மாத்திரைகளும்

காசிமேடு மீன்பிடித் துறைமுகம், ராயபுரம் கல்மண்டபம் மார்க்கெட், திருவொற்றியூர் தேரடி என வடசென்னையில் எங்கே விசாரித்தாலும், ஐம்பதைத் தாண்டியவர்களிடம் இந்த முறையீட்டைக் கேட்கலாம்: "கொஞ்ச தூரம் நடந்தா கெண்டைக்கால் பிடிச்சு இழுக்குது. நின்னா ரெண்டு நிமிஷத்துல விட்டுடுது. திரும்ப நடந்தா அதே தூரத்துல மறுபடி பிடிக்குது."

வயசாயிடுச்சு, காலமெல்லாம் சுமை தூக்கின உடம்பு, வாயு என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். தைலம் தேய்ப்பார்கள். அதற்கும் கேட்காவிட்டால் மெடிக்கலில் போய், "ரத்த ஓட்டத்துக்கு ஒரு மாத்திரை குடுங்க" என்பார்கள்.

இதில் இரண்டு புதிர்கள் இருக்கின்றன. வலி ஏன் கிட்டத்தட்ட ஒவ்வொரு முறையும் அதே தூரத்தில் வருகிறது? ரத்தக்குழாய் சுருங்கியதுதான் காரணம் என்றால், குழாயை விரிக்கும் மாத்திரை ஒன்றைக் கொடுத்தால் தீர்ந்துவிடாதா? முதல் புதிரை அவிழ்த்தால் நோய் புரியும். இரண்டாவதை அவிழ்த்தால் மருந்துச் சீட்டில் இருக்கும் ஒவ்வொரு மாத்திரையும் எதற்கு என்பது புரியும்.

அதே தூரத்தில் ஏன்?

இதயத்திலிருந்து கால்களுக்கு ரத்தத்தைக் கொண்டுபோகும் குழாய்கள் தமனிகள். பல ஆண்டுகள் புகைத்தவர்களுக்கும் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, கொழுப்பு இருப்பவர்களுக்கும் தமனியின் உட்சுவர் புண்பட்டு, அங்கே கொழுப்பும் சுண்ணமும் படிகின்றன. கை கால் தமனிகளில் இப்படி நேர்வதைப் புறத்தமனி நோய் என்கிறோம்.

உட்கார்ந்திருக்கும்போது கெண்டைக்கால் தசைக்கு மிகக் குறைந்த ரத்தமே போதும். சுருங்கிய தமனியும் அதைக் கொடுத்துவிடும். நடக்கத் தொடங்கியதும் தேவை பல மடங்காகிறது. நல்ல தமனி ஈடுகொடுக்கும். சுருங்கிய தமனியால் ஓர் அளவுக்கு மேல் முடியாது. வரவைவிடச் செலவு அதிகமாகி, ஆக்சிஜன் பற்றாக்குறையில் தசை வலிக்கிறது. நின்றதும் தேவை குறைகிறது, வலி விடுகிறது. தமனியின் கொள்ளளவு இன்றும் நாளையும் ஒன்றுதான். அதனால் அதே வேகத்தில் நடந்தால் வலி வரும் தூரமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கிறது. இதை 'நடைவலி' என்று சொல்லலாம்.

பிற கால் வலிகளிலிருந்து இதைப் பிரித்தறிவது கடினமில்லை. முதுகுத்தண்டு நரம்பு நசுங்கியவருக்கு வெறுமனே நிற்பது போதாது, உட்கார்ந்தாலோ முன்னால் குனிந்தாலோதான் வலி குறையும். நாள் முழுக்க நின்று வேலை செய்பவருக்கு வரும் நரம்புச் சுருட்டல் சிரைகளின் கோளாறு, மாலையில் கால் கனத்து வீங்கும். சர்க்கரையால் நரம்பு கெட்டவருக்கு ராத்திரியில் பாதம் எரியும், மரத்துப்போகும். தமனி மாத்திரை இவை எதற்கும் மருந்தல்ல.

தமனி எவ்வளவு சுருங்கினால் எவ்வளவு ரத்தம் குறையும்? 1840களில் பிரெஞ்சு மருத்துவர் புவாசேய் மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் திரவங்களைச் செலுத்தி அளந்து பார்த்தார். குழாயின் விட்டம் பாதியானால் ஓட்டமும் பாதியாகும் என்றுதான் நமக்குத் தோன்றும். உண்மையில் அது பதினாறில் ஒரு பங்காகிவிடுகிறது. தமனியில் சிறிதாகப் படியும் கொழுப்பும் காலுக்குப் பெரிய இழப்பாவது இதனால்தான்.

வலி இல்லாமலே கண்டுபிடிக்கலாம்

இதை அறிய வலியில்லாத எளிய சோதனை ஒன்று உண்டு. கையில் ரத்த அழுத்தம் பார்க்கிற பட்டையைக் கணுக்காலுக்கு மேலே கட்டி, சின்ன டாப்ளர் கருவியால் ரத்த ஓட்டத்தின் ஒலியைக் கேட்டு, அங்கே அழுத்தம் எவ்வளவு என்று பார்ப்பார்கள். அதைக் கையின் அழுத்தத்தால் வகுத்தால் கிடைப்பது கணுக்கால்–மேற்கை அழுத்த விகிதம். ஆரோக்கியமானவருக்கு அது 1 அல்லது சற்று மேலே இருக்கும். 0.9 அல்லது அதற்குக் கீழே போனால் வழியில் எங்கோ தடை இருக்கிறது என்று பொருள். நீண்டகாலச் சர்க்கரை நோயாளிகளுக்குத் தமனிச் சுவர் சுண்ணம் படிந்து இறுகியிருந்தால் பட்டையால் அதை அமுக்க முடியாது. அப்போது விகிதம் 1.4க்கு மேலே காட்டும். அதுவும் எச்சரிக்கைதான்.

சென்னையில் தியாகராய நகர், திருமங்கலம் பகுதி மக்களிடம் இந்த விகிதத்தை அளந்த ஆய்வின் முடிவு 2000இல் வெளியானது. சர்க்கரை நோய் உள்ளவர்களில் 100க்கு ஏறக்குறைய 6 பேருக்கும், இல்லாதவர்களில் 100க்கு ஏறக்குறைய 3 பேருக்கும் இந்த நோய் இருந்தது.

சர்க்கரை நோயாளிகளுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. நரம்பு மரத்துப்போனவருக்கு நடைவலியே தெரியாமல் போகலாம். ஆறாத புண்தான் முதல் அறிகுறியாக வரும். இதை முன்கூட்டியே கண்ட மண் ராயபுரம். பேராசிரியர் எம். விஸ்வநாதன் 1948இல் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவு தொடங்கினார். 1954இல் அவர் ராயபுரத்தில் தொடங்கிய எம்.வி. நீரிழிவு மருத்துவமனை, பாதப் பாதுகாப்புக்காகவே பெயர் பெற்றது. கால்களை இழக்காமல் காப்பதற்கான அறிவு வடசென்னைக்காரர்களுக்கு நடந்துபோகும் தூரத்திலேயே இருக்கிறது.

குழாயை விரித்தால் என்ன?

இனி இரண்டாவது புதிர். தமனிகளை விரிக்கும் மருந்துகள் பல உண்டு. ஒரு காலத்தில் நடைவலிக்கு அவற்றைத் தாராளமாகக் கொடுத்தார்கள். பலன் இல்லை. ஏன்?

மெட்ரோ வாட்டர் வருகிற ஒரு தெருவை நினைத்துக்கொள்ளுங்கள். பிரதான குழாய் ஓரிடத்தில் துரு ஏறி அடைத்திருக்கிறது. அடைப்புக்கு அப்பால் இருக்கும் கடைக்கோடி வீட்டுக்காரர்கள் நீர் வராத கவலையில் தங்கள் குழாயை ஏற்கெனவே முழுசாகத் திறந்து வைத்திருக்கிறார்கள். அடைப்புக்கு இப்பால் இருப்பவர்களோ தேவைக்கு மட்டும் திறக்கிறார்கள். இப்போது, "எல்லாரும் குழாயை முழுசாகத் திறங்கள்" என்று உத்தரவு வந்தால் என்ன ஆகும்? முன்வரிசை வீடுகளில் நீர் கொட்டும், குழாயில் அழுத்தம் இறங்கும், கடைக்கோடிக்கு முன்பு வந்த கொஞ்சமும் குறையும்.

உடலிலும் இதுவே நடக்கிறது. அடைப்புக்கு அப்பால் உள்ள நுண்தமனிகள் ஆக்சிஜன் இல்லாத தவிப்பில் தாமாகவே முழுக்க விரிந்துவிட்டன. மருந்து அவற்றை மேலும் விரிக்க முடியாது. அது மற்ற இடங்களில் உள்ள நல்ல நாளங்களை விரிக்கிறது, ரத்தம் அங்கே திரும்புகிறது. மருத்துவர்கள் இதை 'ரத்தத் திருட்டு' என்கிறார்கள். பெரிய தமனியில் இறுகிப்போன கொழுப்புப் படிவையோ எந்த விரிப்பு மருந்தாலும் கரைக்க முடியாது.

இந்த விளக்கம் சரியென்பதற்கு எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு சான்று உண்டு. 1862இல் மோரிஸ் ரேனோ விவரித்த கோளாறில் அடைப்பு எதுவும் இருப்பதில்லை. குளிர் பட்டதும் விரல் தமனிகள் இறுகிச் சுருங்குகின்றன, விரல்கள் வெளுத்து மரத்துப்போகின்றன. இந்தக் கோளாறு உள்ளவர் மீன் ஏலக்கூடத்தில் ஐஸ் கட்டியை அள்ளினாலும் அது தூண்டப்படலாம். அதிரும் கருவிகளைப் பல ஆண்டுகள் கையாளும் தொழிலாளர்களுக்கும் இது வருவதுண்டு. இவர்களுக்கு நிஃபெடிபின் போன்ற விரிப்பு மருந்துகள் உதவுகின்றன. தமனியின் தசை இறுகியிருந்தால்தான் தளர்த்தும் மருந்துக்கு அங்கே வேலை.

வெற்று மாத்திரையோடு ஒரு போட்டி

அப்படியானால் நடைவலிக்கு எந்த மாத்திரை உதவும்? இரண்டு பெயர்களை மருந்துச் சீட்டுகளில் அதிகம் பார்க்கலாம். ஒன்று பென்டாக்ஸிஃபிலின். சிவப்பணுக்களை வளைந்துகொடுக்கச் செய்து, ரத்தத்தின் பிசுபிசுப்பைக் குறைத்து, குறுகிய வழியிலும் ஓடவிடும் என்ற எண்ணத்தில் வந்த மருந்து. அமெரிக்காவில் 1984இல் அனுமதி பெற்றது. மற்றொன்று ஜப்பானில் உருவான சிலோஸ்டசோல். அங்கே 1988இலும் அமெரிக்காவில் 1999இலும் அனுமதி பெற்றது.

எது மேல் என்று அறிய 698 நோயாளிகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குச் சிலோஸ்டசோல், ஒன்றுக்குப் பென்டாக்ஸிஃபிலின், மூன்றாவதற்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, அளப்பவருக்கும் தெரியாது. 24 வாரங்கள் கழித்து நடைபட்டையில் நடக்கவிட்டு அளந்தார்கள். முடிவு 2000இல் வந்தது. சிலோஸ்டசோல் சாப்பிட்டவர்கள் முன்பைவிடச் சராசரியாக 107 மீட்டர் கூடுதலாக நடந்தார்கள். பென்டாக்ஸிஃபிலின் குழு 64 மீட்டர். வெற்று மாத்திரைக் குழு 65 மீட்டர்!

இந்த மூன்று எண்களுக்குள் மருந்து ஆய்வின் சாரமே அடங்கியிருக்கிறது. மூன்றாவது குழு இல்லாதிருந்தால், "பென்டாக்ஸிஃபிலின் 64 மீட்டர் கூட்டித் தருகிறது" என்று நம்பியிருப்போம். சோதனைக்கு வந்து நடந்து பழகியது, கவனிக்க ஆள் இருக்கிறார் என்ற ஊக்கம் இவை மட்டுமே அந்த 65 மீட்டரைக் கொடுத்துவிட்டன. "எங்க மாமாவுக்கு இந்த மாத்திரை கேட்டுச்சு" என்ற சொல்லை நம்பி மருந்து வாங்கக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம். மாமா உண்மையைத்தான் சொல்கிறார். அவரை நடக்கவைத்தது மாத்திரைதானா என்பதை அவரால் அறிய முடியாது.

சிலோஸ்டசோல், பாஸ்ஃபோடைஎஸ்டெரேஸ்-3 என்ற நொதியைத் தடுக்கிறது. அதனால் ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவது குறைகிறது, தமனித் தசை தளர்கிறது, ரத்தக் கொழுப்பின் அளவுகளும் ஓரளவு சீராகின்றன. இவற்றில் எது நடையைக் கூட்டுகிறது என்பதில் அறிவியலாளர்களிடையே இன்னும் முடிவான கருத்து இல்லை. பலன் தெரிய சில வாரங்கள் ஆகும். மூன்று மாதத்துக்குப் பிறகும் தூரம் கூடவில்லை என்றால் மருத்துவர் பெரும்பாலும் நிறுத்திவிடுவார். கொழுப்பு நிறைந்த உணவோடு சேர்ந்தால் இது திடீரென அதிகமாக ரத்தத்தில் ஏறும். அதனால்தான் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்போ, இரண்டு மணி நேரம் கழித்தோ எடுக்கச் சொல்கிறார்கள். தலைவலி, படபடப்பு, வயிற்றுப்போக்கு வரலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியமான எச்சரிக்கை: இதயம் பலவீனமாகி மூச்சு வாங்கும், கால் வீங்கும் நிலையில் உள்ளவர்கள் இதைத் தொடவே கூடாது. இந்தத் தடைக்குப் பின்னால் ஒரு பாடம் இருக்கிறது. இதே நொதியைத் தடுக்கும் மில்ரினோன் என்ற மருந்தை, கடுமையான இதயச் செயலிழப்பு உள்ள 1,088 பேரிடம் சோதித்தார்கள். 1991இல் வந்த முடிவு, மாத்திரையாக அதைச் சாப்பிட்டவர்களிடம் இறப்பு 28 சதவீதம் கூடியதைக் காட்டியது. சிலோஸ்டசோல் அதே குடும்பம் என்பதால் அதற்கும் அதே தடை.

வயிற்றெரிச்சலுக்கு நாம் கேட்காமலே வாங்கிப் போடும் ஒமெப்ரசோல்கூட ரத்தத்தில் சிலோஸ்டசோலின் வேலையைக் கூட்டிவிடும். சில இதய மருந்துகளும், எரித்ரோமைசின் போன்ற கிருமிக்கொல்லிகளும் அப்படியே. மருத்துவரிடம் போகும்போது வீட்டில் உள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் கையோடு எடுத்துப்போவது நல்லது.

ஒன்றுமே தெரியாத மாத்திரைகள்

நடைவலி வந்தவர் முதலில் கேட்பது, "டாக்டர், காலை எடுக்க வேண்டியிருக்குமா?" என்பதுதான். நடைவலி மட்டும் உள்ளவர்களை ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தால், காலையே இழக்கும் அபாய நிலைக்குப் போகிறவர்கள் 100க்கு ஓரிருவர்தான். புகையை விடாதவர்களுக்கும் சர்க்கரை கட்டுப்படாதவர்களுக்கும் இது கூடும். ஆனால் அதே 100 பேரில் ஏறக்குறைய 20 பேருக்கு அந்த ஐந்தாண்டுக்குள் மாரடைப்போ பக்கவாதமோ வருகிறது. காரணம் எளிது. கால் தமனியில் கொழுப்பு படிந்த உடலில், இதயத்துக்கும் மூளைக்கும் போகும் தமனிகளும் தப்பியிருக்காது.

ஆகவே மருத்துவர் எழுதும் முக்கியமான மாத்திரைகள் வலிக்கானவை அல்ல. தட்டணுக்கள் திரண்டு உறைகட்டி ஆகாமல் தடுக்க ஆஸ்பிரினோ குளோபிடோக்ரெலோ இருக்கும். 19,185 பேரிடம் நடந்து 1996இல் வெளிவந்த ஆய்வு, புறத்தமனி நோயாளிகளுக்கு ஆஸ்பிரினைவிடக் குளோபிடோக்ரெல் கூடுதல் காப்புத் தருவதைக் காட்டியது. கொழுப்புக்கு ஸ்டாட்டின் இருக்கும். 2002இல் வெளிவந்த பிரிட்டன் ஆய்வில், புறத்தமனி நோயாளிகளிடம் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்புகளை இது ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைத்தது. சிலருக்கு ஆஸ்பிரினோடு மிகக் குறைந்த அளவில் ரிவராக்ஸபான் சேர்ப்பார்கள். அது கால்களைக் காப்பதில் நல்ல பலன் காட்டியிருக்கிறது, ரத்தக்கசிவு ஆபத்தும் கூடும் என்பதால் ஆள் பார்த்தே தருவார்கள். சர்க்கரையும் நடைவலியும் சேர்ந்தவர்களுக்குச் செமக்ளூடைட் ஊசி நடைதூரத்தைக் கூட்டுவதாக 2025இல் ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது.

இவற்றில் ஆஸ்பிரினையும் ஸ்டாட்டினையும் சாப்பிட்டால் உடம்பில் எந்த மாற்றமும் தெரியாது. நடைதூரம் உடனே கூடாது. "ஒண்ணும் தெரியல, அதான் நிறுத்திட்டேன்" என்று பலரும் கைவிடுவது இவற்றைத்தான். வராத மாரடைப்பை எந்த நோயாளியாலும் உணர முடியாது. உணர்வை வைத்து இந்த மருந்துகளை எடைபோட்டால், உயிர் காப்பதையே நிறுத்திவிடுவோம்.

பீடியும் நடையும்

நாற்பதைத் தாண்டாத, சர்க்கரையும் கொழுப்பும் இல்லாத ஆணுக்கு விரல் நுனி கறுத்தால், மருத்துவர் முதலில் கேட்பது பீடி, சிகரெட் பற்றித்தான். நியூயார்க்கில் லியோ பர்கர் 1908இல் விரிவாக விவரித்த பர்கர் நோய் இது. கை கால்களின் சிறு தமனிகளில் அழற்சி கண்டு ரத்தம் உறைகிறது. புகையிலையை அடியோடு விட்டவர்களில் பெரும்பாலோர் கால்களைக் காப்பாற்றிக்கொள்கிறார்கள். "ஒரு நாளைக்கு ரெண்டே ரெண்டு" என்று தொடர்கிறவர்களுக்கு எந்த மாத்திரையும் ஈடு செய்வதில்லை. மாவா போன்ற மெல்லும் புகையிலைக்கும் இது பொருந்தும். பொதுவான புறத்தமனி நோய்க்கும் புகையிலையே முதல் எதிரி.

அடுத்து நடை. வலிக்கிற காலை நடக்கச் சொல்வது கொடுமையாகத் தோன்றலாம். ஆனால் 21 ஆய்வுகளை 1995இல் தொகுத்துப் பார்த்தபோது, முறையான நடைப்பயிற்சியால் வலி தொடங்கும் தூரம் சராசரியாக 179 சதவீதமும், நடக்க முடிந்த மொத்தத் தூரம் 122 சதவீதமும் கூடியது தெரிந்தது. எந்த நடைவலி மாத்திரையும் இதை எட்டியதில்லை. முறை இதுதான்: வலி நடுத்தரமாக ஏறும்வரை நடக்க வேண்டும், விடும்வரை நிற்க வேண்டும், மறுபடி நடக்க வேண்டும். ஒரு தடவைக்கு அரை மணி முதல் முக்கால் மணி, வாரத்துக்கு மூன்று நாள், குறைந்தது மூன்று மாதம். அடைப்பு அப்படியேதான் இருக்கும். கிடைக்கிற ஆக்சிஜனைச் சிக்கனமாகச் செலவிடத் தசை கற்றுக்கொள்கிறது. கன்டெய்னர் லாரிகள் ஓடும் எண்ணூர் விரைவுச் சாலையில் நடக்கச் சொல்லவில்லை. மாநகராட்சிப் பூங்கா, பள்ளி மைதானம், மொட்டைமாடி எதுவும் போதும். காலில் புண் இருந்தாலோ, உட்கார்ந்திருக்கும்போதே வலித்தாலோ மருத்துவரைக் கேட்காமல் நடக்கக் கூடாது.

மரத்துப்போன, ரத்தம் குறைந்த காலுக்குச் சூடு எதிரி. வெந்நீர் ஒத்தடம் வேண்டாம். திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயில் பிராகாரத்தை வெறுங்காலோடு சுற்றுவதானால் வெயில் ஏறும் முன்பே சுற்றிவிடுங்கள். சுட்டது தெரியாமல் கொப்புளித்து, அதுவே ஆறாத புண்ணாகிவிடும்.

எப்போது ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது? ராத்திரியில் படுத்தால் பாதம் வலித்து, காலைக் கட்டிலிலிருந்து தொங்கவிட்டால் குறைகிறது என்றால், தமனி ஓய்வுநேரத் தேவையைக்கூடத் தர முடியாத நிலைக்கு வந்துவிட்டது என்று பொருள். விரல் கறுத்தாலும், புண் இரண்டு வாரத்தில் ஆறாவிட்டாலும் அப்படியே. கால் திடீரென்று சில்லிட்டு, வெளுத்து, தாங்க முடியாமல் வலித்தால் கையில் இருப்பது சில மணி நேரம்தான். அப்போது மாத்திரை தேடி மெடிக்கலுக்குப் போகாதீர்கள். நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அடைப்பை பலூனால் விரிக்கவும், மாற்றுவழித் தமனி தைக்கவும் ரத்தநாள அறுவை மருத்துவர்களால் முடியும்.

ஆக, 'ரத்த ஓட்டத்துக்கு ஒரு மாத்திரை' என்று எதுவும் இல்லை. நடைதூரத்தைக் கூட்ட ஒன்று, ரத்தம் உறையாமலிருக்க ஒன்று, தமனிச் சுவரைக் காக்க ஒன்று என்று தனித்தனி வேலைக்குத் தனித்தனி மருந்து. யாருக்கு எது என்பதை இதயத்தையும் சிறுநீரகத்தையும் பிற மருந்துகளையும் பார்த்த மருத்துவர்தான் சொல்ல முடியும். புகையிலையை விடுவதும் நடப்பதும் அதே மருந்துச் சீட்டின் முதல் இரண்டு வரிகள்.

அடுத்த முறை சுகர் மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, செருப்பைக் கழற்றிவிட்டு, "என் பாதத்தில் நாடி பாருங்க டாக்டர்" என்று கேளுங்கள். ஒரு நிமிட வேலைதான். உங்கள் காலையும், பல வேளைகளில் உயிரையும் அது காப்பாற்றும்.